இளைஞர் மன்றத் தலைவருக்கு வயசு ஐம்பத்தொண்ணு

சந்திரகுமார்: கஜனி... அந்த டை டப்பாவ எங்க வெச்ச?

கஜனி: தலைக்குப் பூசவா? நாலு மணிக்குப் புதுத் தலைவர் தெரிவுப்பா. பொண்ணு பாக்கவா போறீங்க?

சந்திரகுமார்: இருபத்திரண்டு வருசம் மஹய்யாவ ஊர் இளைஞர் மன்றத் தலைவர்! கடைசி நாள் நரையோடயா போறது?

கஜனி: ஐம்பத்தொண்ணுல இளைஞர்...

சந்திரகுமார்: மனசுல இளைஞன்தான்டி.

கஜனி: முட்டிய கேட்டுப் பாருங்க. போன மாசம் கரம் போர்ட் காய் பொறுக்கக் குனிஞ்சு, ரெண்டு பேர் தூக்கிவிட்டாங்க.

சந்திரகுமார்: சரி சரி... மூணு தடவ விலகுறேன்னு சொன்னவன் நான்.

கஜனி: சொன்னீங்க. கைதட்டுனாங்க, மாலை போட்டாங்க. திரும்ப உக்காந்துட்டீங்க.

சந்திரகுமார்: மாலை போட்ட பெறகு எப்பிடி எந்திரிக்கிறது? அந்த மொட்டக் கடிதத்தப் பாத்து இளைஞர் கந்தோர் ஆபீசுல புதுத் தெரிவு வைக்கச் சொல்லாட்டி இன்னும் பத்து வருசம் உக்காந்திருப்பேன்.

கஜனி: நேரமாகுதுப்பா, டை டப்பாவ தேடுங்க.

சந்திரகுமார்: "தலைவருக்கு வயசாச்சு, மன்ற ரூம்ப கரம் வெளையாடத்தான் தெறக்குறார், ஏ.எல் பரீட்சை எழுதுற பிள்ளைகளுக்குப் படிக்க எடமில்ல"ன்னு. பொய்யா? சாவி இந்தா, இடுப்புலதான் தொங்குது.

கஜனி: விடுங்கப்பா.

சந்திரகுமார்: நீ ஏன் இன்னும் பேர் குடுக்கல? பொடியன்க, பிள்ளைக எல்லாரும் ஒன்னத்தான கேக்குறாங்க.

கஜனி: நான் நிக்கல.

சந்திரகுமார்: போன கெழம வரைக்கும் ரூம்புக்கு என்ன பெயின்ட் அடிக்கிறதுன்னு பேசுன?

கஜனி: அப்பாவ தள்ளிட்டு மக தலைவர் கதிரைய புடிச்சான்னு சொல்லுவாங்க.

சந்திரகுமார்: யாரு சொல்லுவா? நீ எங்க தள்ளுன?

கஜனி: ஏசக்கூடாது...

சந்திரகுமார்: சொல்லு.

கஜனி: அந்தக் கடிதம்... நான்தாம்பா.

சந்திரகுமார்: நீயா!

கஜனி: நேர சொல்லப் பயம். சொன்னா நீங்க சிரிச்சிட்டு டீ ஊத்தச் சொல்லுவீங்க.

சந்திரகுமார்: அதுவும் சரிதான்... டைப் பண்ணி அனுப்புனியா?

கஜனி: ஓம்ப்பா... ஏன்?

சந்திரகுமார்: இளைஞர் கந்தோர் ஆபீசர் மாத்தயா போன்ல கோல் எடுத்தப்ப, ரெண்டு மொட்டக் கடிதம் வந்திருக்குன்னார். ஒண்ணு டைப், ஒண்ணு கையெழுத்து. டைப் பண்ணது யாருன்னு ரெண்டு வாரமா மண்டைய ஒடைச்சேன்.

கஜனி: அப்ப கையால எழுதுனது யாரு?

சந்திரகுமார்: மாலை விழுந்தா எந்திரிக்கத் தெரியாத ஒருத்தன். இந்தா டை டப்பா தேடிக்கிட்டு நிக்கிறானே... சாவிய புடி, நீ முன்னுக்கு நட.