காலிக் குழிக்குப் போட்ட மண்

இஷா தொழுகை முடிந்து ஊர் அடங்கிவிட்ட நேரம். ஏர்போர்ட் மதிலுக்குப் பின்னால் ஒரு மண் ரோடு... விளக்கு கிடையாது. இறந்தவர்களை அடக்கும் கபர்ஸ்தான் வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தனியாக நடந்து வந்தார் கியாசுதீன். என் கூட்டாளி கலீமுக்கு மாமா, வேறு ஊர்க்காரர்.

நேற்று ராத்திரி எங்கள் போராட்டப் பந்தலில் இதைத்தான் சொன்னேன். கரண்ட்டைத் துண்டித்துவிட்டார்கள். கொசுவத்தியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருந்தோம். விடிந்தால் எங்கள் கபர்ஸ்தானை நிரவ மெஷின் வரும். அது போனால் அடுத்தது எங்கள் வீடுகள். மனு கொடுத்துப் பார்த்தாயிற்று, லாரிக்கு முன்னால் படுத்தும் பார்த்தாயிற்று. பொன்மலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ரத்தினவேல் அண்ணன் மண்வெட்டியோடு வந்தார்.

"காலி இடத்துல புதுக் கபர் மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருவோம் பாய். அது மேல எவனும் மெஷின ஏத்த மாட்டான்."

கியாசுதீன் ஊரிலும் அதைத்தான் செய்தார்கள். அங்கே வயலையெல்லாம் தின்றுவிட்டு, ஒரு குடோன் கம்பெனி கபர்ஸ்தானுக்கு வந்து நின்றது. இவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் குழி வெட்டி, பலகை வைத்து, மேடு கட்டி, பன்னீர் தெளித்தார்கள். உள்ளே யாரும் இல்லை. ஆனால் மூடும்போது கியாசுதீன் குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டார். மையித்தை அடக்கும்போது போடுகிற மண். வாயும் தானாக ஓதிவிட்டது.

"காலிக் குழிக்கா மாமா?" என்று கலீம் கேட்டான்.

"பழக்கம்டா... கை தானாப் போயிருச்சு."

காலையில் வந்த மெஷின் திரும்பிப் போனது. சந்தோஷத்தில் ஊரே அழுதது.

அன்றைக்கு ராத்திரிதான் அந்த மண் ரோடு. வாசலில் வழக்கம்போல கபர்வாசிகளுக்கு ஸலாம் சொன்னார். பதில் வராது என்று தெரிந்தே சொல்கிற ஸலாம். பன்னீர் வாசனை... ஈர மண் வாசனை... புது மேட்டுப் பக்கமிருந்து மெல்ல ஒரு சின்னக் குரல்.

"வஅலைக்குமுஸ் ஸலாம்."

அப்புறம் பலகையில் மண் விழும் சத்தம். பொத்... பொத்... பொத். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

கம்பெனிக்குச் சந்தேகம் வந்தது. அதிகாரிகளைக் கூட்டி வந்து மேட்டைத் தோண்டச் சொன்னார்கள். காலி என்று தெரிந்தால் ஊர் பிழைக்காது. கியாசுதீன் கண்ணை மூடி துஆ கேட்டார். யா அல்லாஹ், அது காலியாக இருக்கக் கூடாது...

பலகையை எடுத்தார்கள்.

காலியாக இல்லை. வெள்ளைக் கஃபன் துணி. பெரிய ஆளுக்கு வெட்டிய குழியின் நடுவில், ஒரு குழந்தையின் நீளத்துக்கு... அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உடனே மூடச் சொன்னார். வீடுகள் தப்பின.

அன்று ராத்திரி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணினார்கள். ஒரு பிள்ளையும் குறையவில்லை. கியாசுதீன் மகள் சம்ரீனும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துவிடப் போன அவள் அம்மா நஜ்முன்னிசா, பிள்ளையின் மூடிய கையை விரித்துப் பார்த்தாள். ஈர மண். பன்னீர் வாசனை.

நான் நிறுத்தினேன்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" ரத்தினவேல் அண்ணன்தான் கேட்டார். அவருக்கும் ஒரே மகள்.

"நல்லாத்தான் இருக்காண்ணே. யார் ஸலாம் சொன்னாலும் பதில் மட்டும் சொல்றதில்ல."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வேற வழி இல்ல பாய். தோண்டுவோம். மண்ணு மட்டும் யாரும் அள்ளிப் போடாதீங்க."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்தேன். பந்தல் ஓரத்தில் தூங்கும் எங்கள் பிள்ளைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். எல்லார் கையும் மூடித்தான் இருந்தது.