கயிற்றில் வந்த சிவப்புக் கார்

பெயர்: ஜீப்பு மாமா (இந்தப் பெயருக்கு வந்த தபால் எதுவும் இதுவரை திரும்பிப் போனதில்லை). வயது: அறுபத்தெட்டு. தொழில்: ஓய்வுபெற்ற நில அளவையாளர். விலாசம்: பம்பு செட் பழுது பார்க்கும் கடையின் மேல்மாடி.

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். என்னிடம் நாற்பத்துமூன்று வருடப் பழைய ஜீப்பு ஒன்று உள்ளது. என் தங்கையின் கணவரான பல் வைத்தியரிடம் அதே வயதில் இரண்டு கதவு வைத்த சிவப்புப் பந்தயக் கார் ஒன்று உள்ளது. என் ஜீப்பு செங்குத்துச் சுவரிலும் ஏறும். மழைநாளில் மட்டும் சற்று யோசிக்கும். அதில் ஏற ஏணி வேண்டும். மச்சானின் காரிலிருந்து இறங்க கிரேன் வேண்டும். அது தரையோடு தரையாகக் கிடப்பதால் எறும்பைக் கண்டாலும் சுற்றித்தான் போக வேண்டும். எது உசத்தி என்ற வழக்கு எங்களுக்குள் நாற்பது வருடமாக நிலுவையில் உள்ளது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய என் தங்கை, அவரிடம் "உங்க வண்டிதான்" என்றும் என்னிடம் "உன் வண்டிதாண்ணே" என்றும் சொல்லிவந்து, மூன்று வருடத்துக்கு முன் காலமானார்.

இந்நிலையில் மச்சானுக்கு முழங்கால் மடங்காததால் காரை விற்க என் மருமகன், அதாவது அவர் மகன், ஏற்பாடு செய்தார். நேற்றுக் காலை பத்து மணிக்கு வாங்குபவர் வருவதாக இருந்தது. அதைத் தடுக்கும் நோக்கத்துடன் நான் ஏழு மணிக்கே ஜீப்பில் சென்று, கொட்டகையில் நின்ற காரின் முன்கொக்கியில் கயிற்றைக் கட்டினேன். குனிந்து உள்ளே பார்க்க என் வயிறு சம்மதிக்கவில்லை. அதன்பின் இழுத்தேன். ஹேண்ட் பிரேக்கை எடுக்காதது பாலம் தாண்டிய பிறகே ஞாபகம் வந்தது. ஆனாலும் கார் ஏழு திருப்பத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆளில்லாத காரையும் அடக்கி நடத்தும் என் ஜீப்பின் மகிமையை எண்ணிக் கண்கலங்கினேன்.

அதன்பின் பம்பு செட் கடை வாசலில் நிறுத்தி இறங்கியபோது காரின் ஹாரன் அடித்தது.

"கதவைத் தொற மச்சான், கால் மரத்துப்போச்சு."

கடைசியாக ஒருமுறை உட்கார்ந்து பார்க்க விடிந்ததும் காருக்குள் இறங்கியவர், எழ முடியாமல் அங்கேயே இருந்திருக்கிறார். ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்து வந்ததும் அவரே.

"இழுக்கும்போதே ஹாரன் அடிச்சிருக்கலாமே?" என்றேன்.

"அடிச்சா நீ நிறுத்திடுவியே."

அதன்பின் அவர், "அதே கயிறா?" என்று கேட்டார். ஆமென்றேன். அவர்கள் கல்யாணத்தன்று மணமக்களோடு சேற்றில் புதைந்த இதே காரை நான் இதே கயிற்றால் இழுத்தேன். மேட்டுக்கு வந்தபின் அவிழ்க்கப் போனபோது என் தங்கை கண்ணாடியை இறக்கி, "அவுக்காதேண்ணே, வீடு வரைக்கும் இப்படியே போவோம்" என்றார். அதன்பின் நான் கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்தேன்; கயிற்றை அவிழ்க்கவில்லை.

அதன்பின் ஒன்பதரை மணிக்கு, காரையும் தகப்பனாரையும் காணோமென்று புகார் கொடுத்த மருமகன், காவலர்களுடன் வந்தார்.

"மாமா, காரைத் தூக்கினீங்க சரி, அப்பாவையுமா?"

"யாருடா தூக்கினது? என் காரை நான்தான் ஓட்டிட்டு வந்தேன்" என்றார் மச்சான். மருமகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதன்பின் வாங்குபவருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்றார்.

காவலர்கள் சான்றாகக் கைப்பற்றிய கயிற்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று மச்சானை மறுபடி இழுத்துப்போக வேண்டியுள்ளது.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சுவர் ஏறும் விஷயம் ஒன்று நீங்கலாக, சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
ஜீப்பு மாமா