திருந்திவிட்ட கீழ்ப்பாதி

வேப்பூர் பஸ் இன்னும் விருத்தாசலம் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை. என் முன்சீட்டில் ஒரு லேத்துப் பட்டறைக்காரரும் அவர் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அளவு சரியா இருக்குதுன்னு அச்சைத் திருப்பி அனுப்பிட்டாங்க மாப்ள."

"எந்த அச்சு மாமா?"

"பீங்கான் கம்பெனியில மண்ண வச்சு அமுக்குற அச்சு. கீழ்ப்பாதி தேஞ்சுபோச்சுன்னு புது கம்ப்யூட்டர் மெஷின்ல செஞ்சேனே, அதான். கீழ்ப்பாதி முடியளவு கூடப் பிசகல. அவங்ககிட்ட இருக்குற பழைய மேல்பாதி அதுமேல உக்கார மாட்டேங்குதாம்."

"மேல்பாதி யாரு செஞ்சது?"

"நான்தான், பழைய லேத்துல. பத்து வருஷமா ரெண்டு பாதியும் தப்பு. தப்பும் தப்பும் ஒழுங்கா குடும்பம் நடத்திச்சு. இப்ப ஒண்ணு மட்டும் திருந்திடுச்சு."

மைத்துனர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஆர்டரு போச்சா?"

"அப்படித்தான் பயந்தேன். தப்பு என்னுதுதாங்கன்னு ஓனருகிட்ட ஒத்துக்கிட்டேன். ரெண்டும் சரியா இருந்தா பீங்கான் ஓரத்துல பிசிறே வராதுங்கன்னும் சொன்னேன். அப்படின்னா இருக்குற எல்லா ஜோடியையும் மாத்திக் குடுன்னுட்டாரு. லேத்துல ஒரு வருஷ வேல. மெஷினு ஒரு மாசத்துல முடிச்சிடும்."

"அப்ப அந்தப் பழைய லேத்த எடைக்குப் போட்டுடுங்க மாமா."

"வாய மூடு. இவ்ளோ பெரிய ஆர்டரு புடிச்சுக் குடுத்ததே அதுதான்."