அபுந்தியோவின் கட்டிங் மெஷின்

மாலை ஆறேகால் மணி. மீன்மாவு ஆலைகளைத் தாண்டி, படகுப் பட்டறைகளுக்குப் போகிற கடலோரச் சாலை... ஈ, காக்கை இல்லை. கடலிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் இடுப்பு வரை நிற்கிறது. இந்தச் சிம்போத்தே ஊரில் பிறந்தவனுக்கே குமட்டுகிற அந்த மீன் வாடை. நடந்து போகிறவன் பெயர் எதில்பெர்த்தோ. நம் நிக்கானோரின் தங்கை புருஷன். நம்பாதவர்கள் நாளைக்கு நிக்கானோரையே கேளுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம். இருட்டில்... தனியாக.

போகவில்லையா? சரி. அப்படியென்றால் பீப்பாய் அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பன்றிக்கறி வேக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

எதற்குப் போனான் என்றால், அன்று அபுந்தியோ செத்து ஐந்தாம் நாள். மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்களில் ஐந்தாம் நாள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செத்தவன் துணிமணி, தொப்பி, அவன் கைபட்ட கருவி, எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும். ராத்திரி வாசலில் சாம்பல் தூவ வேண்டும். ஆத்துமா கிளம்பிப் போன தடம் அதில் விழும். ஒரு சாமானைக் கழுவாமல் விட்டாலும் அவன் போகமாட்டான். அபுந்தியோவின் மனைவி சொராய்தா, கொல்லைத் தொட்டியில் துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"அவர் மெஷின் எங்க?"

வந்திருந்த பட்டறை மேஸ்திரி தெயோபிலோ, எதில்பெர்த்தோவைப் பார்த்துத் தாடையை ஆட்டினான். "நீ போய் எடுத்துட்டு வாடா. நீதானே அவன்கூட வேலை பாக்கற ஜோடி."

"நாளைக்குக் காலையில..."

"ஏன், உன் பொண்டாட்டி கையைப் புடிச்சுக்கிட்டுதான் போவியா?"

எதில்பெர்த்தோவுக்குப் பயம்தான். ஆனால் பேய்க்கு இல்லை. பட்டறையில் அவன் பெட்டிக்குள் ஒரு கவர் கிடந்தது. இரும்பு அறுக்கிற மெஷினில் வீலைப் பாதி மூடியிருக்குமே, பொறியும் உடைசலும் நம் பக்கம் தெறிக்காமல்... அந்தக் கவர். அபுந்தியோ மெஷினுடையது.

அது எப்படி அங்கே வந்தது? திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அபுந்தியோவின் சின்ன மெஷினுக்குப் போடுகிற வீல் தீர்ந்துவிட்டது. அறுக்க வேண்டிய தகடோ நல்ல கனம். மேஸ்திரி, பெரிய மெஷினின் ஏழு அங்குல வீல் ஒன்றை எடுத்து எதில்பெர்த்தோவிடம் எறிந்தான். "இதைப் போட்டு அறுடா. நடு ஓட்டை ரெண்டுக்கும் ஒண்ணுதானே, உட்காரும்."

உட்காரும். ஆனால் அந்த வீலின் முகத்திலேயே எழுதியிருக்கும், நிமிஷத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் ஓட்டாதே என்று. சின்ன மெஷின் பதினோராயிரம் சுற்றும். எதில்பெர்த்தோ படித்தவன்தான். வாசிக்கவில்லை. பெரிய வீல் கவருக்குள் அடங்கவில்லை, கவரைக் கழற்றிப் போட்டான். பொத்தானை அழுத்திப் பிடிக்க விரல் வலித்தது, கம்பியால் இறுக்கிக் கட்டினான். படகின் அடிவயிற்றுக்குக் கீழே படுத்து மூன்று அறுப்பு அறுத்தான். பிறகு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மெஷினை அங்கேயே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான்.

அபுந்தியோ வந்தான். அவன் மெஷின், அவன் வேலை. சுவரோரம் குனிந்து பிளக்கைச் செருகினான். பொத்தான் கட்டியிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? படகுக்கு அடியில் மெஷின் தானாக அலறிக்கொண்டு துள்ளியது. பிடிக்க ஓடினான்... டப். ஒரே ஒரு சத்தம், ஓடு உடைகிற மாதிரி. வீல் சிதறி, துண்டு அவன் மேல் பாய்ந்தது.

ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் ஒரு பூட்ஸ் கழன்று விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. எதில்பெர்த்தோ ஓடவில்லை. கம்பியை அவிழ்த்தான். உடைந்த வீலைக் கழற்றிக் கடலில் எறிந்தான். கவரை எறிவதற்குள் யாரோ வந்துவிட, கந்தல் துணியில் சுற்றித் தன் பெட்டிக்குள் திணித்தான்.

சவ வீட்டில் மேஸ்திரி ஊர் கேட்கச் சொன்னான்: "அவனேதான் கவரைக் கழட்டியிருக்கான். சொன்னா கேக்கற ஆளா அவன்?"

"எங்க வீட்டுக்காரர் கவர் இல்லாம மெஷினைத் தொட மாட்டாரு!" என்று சொராய்தா கத்தினாள். எல்லோரும் எதில்பெர்த்தோவைப் பார்த்தார்கள். அந்த நாய் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், நாய் என்றுதான் சொல்கிறேன். நிக்கானோரும் அப்படித்தான் சொல்கிறான். அன்றிலிருந்து அபுந்தியோ என்றாலே ஊரில் தலைக்கனத்தில் செத்தவன் என்று ஆகிவிட்டது.

ஆக, அந்தக் கவரைக் கடலில் எறிந்துவிட்டு மெஷினோடு திரும்பிவிடலாம் என்றுதான் அவன் பனியில் நடந்தான்.

பட்டறைக் கேட்டைத் தள்ளினான். க்ரீச்...

அப்போது கேட்டது. ங்ஙீஈஈ... மெஷினை நிறுத்தின பிறகும் வீல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்குமே, அந்தச் சத்தம். தாழ்ந்து... தாழ்ந்து... நின்றது. கூடவே கருகின வீல் வாடை, மூக்கில் ஏறுகிற மாதிரி. யாரோ அப்போதுதான் அறுத்து முடித்திருக்கிறார்கள்.

"யாரு?"

கடல்தான் இரைந்தது. மேசை மேல் அபுந்தியோவின் மெஷின். அதில் வீல் இல்லை. வயர் சுருட்டி, பிளக் அதன் மேலே கிடந்தது. மெஷினைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

தரை முழுக்க இரும்புத் தூள். ஐந்து நாளாக யாரும் பெருக்கவில்லை. அதில் தடம். ஒரு பூட்ஸ்... ஒரு வெறுங்கால்... ஒரு பூட்ஸ்... மேசையிலிருந்து நேராக எதில்பெர்த்தோவின் பெட்டிக்கு.

பெட்டியைத் திறந்தான். கந்தல் துணி இருந்தது. ஈரமாக இருந்தது. துணி துவைக்கிற சோப்பு வாடை. கவர் இல்லை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. சொராய்தா மெஷினை வாங்கி, பிழிந்த துணியால் சந்து பொந்தெல்லாம் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "நீ அங்கதான் இருந்த. கவரைக் கழட்டினது யாரு?"

"அவர்தான் அக்கா."

வாயை மூடவில்லை, முதுகுக்குப் பின்னால்... ங்ஙீஈஈ... தாழ்ந்து நின்றது. திரும்பினான். வெறும் சுவர். கூடத்தில் இருந்த ஒருவர்கூடத் தலை தூக்கவில்லை. சொராய்தா மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வாசலில் சாம்பல் தூவியாகிவிட்டது. அதைத் தாண்டக் கூடாது என்பதையும் மறந்து மிதித்துக்கொண்டு ஓடினான்.

அதற்குப் பிறகு அவனைப் போல முறையாக வேலை செய்கிறவன் இந்தக் கரையிலேயே கிடையாது. வீல் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்வான். வீலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் பார்ப்பான். அதில் உள்ள எண்ணையும் மெஷினில் உள்ள எண்ணையும் விரல் வைத்து வாசிப்பான், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி. கவர், பக்கப் பிடி, கண்ணாடி, முகமூடி எல்லாம் உண்டு. புது வீல் என்றால் ஒதுங்கி நின்று ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுவான். இதையெல்லாம் அந்தத் திங்கட்கிழமை செய்திருந்தால் என்னவாம்? இப்போது செய்து யாருக்கு என்ன?

நிறுத்தினால் வீல் நிற்கிற வரை கீழே வைக்கமாட்டான். எண்ணுவான். ஒன்பதுக்குள் நின்றுவிடும்.

பின்னால் இன்னொன்று நிற்காது. பத்து... பதினொன்று... பதினான்கில்தான் நிற்கும். பெரிய வீல் ஓய்வதற்கு நேரம் கூட ஆகும், உங்களுக்கே தெரியும்.

முதல் வாரம் சத்தம் பட்டறைக் கேட்டுக்கு வெளியே இருந்தது. அடுத்த வாரம் படகுக்கு அந்தப் பக்கம். மூன்றாம் வாரம், பிடரியில் காற்று பட்டது. கிறுக்குப் பிடித்த மாதிரி மெஷினைப் போட்டுவிட்டு, பட்டப்பகலில், வேலை உடுப்போடு சொராய்தா வீட்டுக்கு ஓடினான்.

அவன் வாயைத் திறக்கும் முன் அவள் மேசை மேல் ஒன்றை வைத்தாள். டங். கவர்.

"துணி அலசின தொட்டிக்குள்ள கிடந்துச்சு. நீ மெஷினை எடுத்துக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே. தெரிஞ்சுதான் அன்னிக்கு உன்னைக் கேட்டேன்."

"அக்கா, நான்..."

"அக்கான்னு கூப்பிடாத. காலையில சாம்பல்ல உன் தடம் இருந்துச்சு. அதுக்குப் பின்னாலயே ஒரு பூட்ஸு, ஒரு வெறுங்காலு. அவர் போக வேண்டிய எடத்துக்குப் போகல. உன்கூட வந்துட்டாரு."

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"எங்கிட்ட ஏன் அழுவுற? பட்டறையில, அவர் பேரைக் கெடுத்த ஆளுங்க முன்னாடி போய்ச் சொல்லு. உனக்காக இல்ல. நீ செத்தா நான் சாம்பல்கூடத் தூவ மாட்டேன்." கவரை அவன் நெஞ்சில் அடித்தாற்போல் கொடுத்து, கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை ஏழு மணி, பட்டறை. பன்னிரண்டு ஆட்கள், மேஸ்திரி. எதில்பெர்த்தோ கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

"இதைக் கழட்டினது நான். பொத்தானைக் கட்டினது நான். பெரிய வீலைக் கொடுத்தது மேஸ்திரி. அபுந்தியோ மேல ஒரு தப்பும் இல்ல."

தொப்பியைக் கழற்றினார்கள் சிலர். தெயோபிலோ மட்டும் காறித் துப்பினான். "பைத்தியம் முத்திப்போச்சு இவனுக்கு. நான் எந்த வீலும் கொடுக்கல. செத்தவனே போட்டிருப்பான். போய் வேலையைப் பாருங்கடா!"

வேலை தொடங்கியது. முதல் அறுப்பு முடிந்து எல்லோரும் மெஷினை நிறுத்தினார்கள், எதில்பெர்த்தோவும் நிறுத்தினான். எண்ணினான். ஒன்பது. நின்றது. பத்து... ஒன்றுமில்லை. பதினொன்று... பதினான்கு வரை காத்திருந்தான். பிடரியில் காற்று இல்லை. மூன்று வாரத்தில் முதல்தடவையாக ஒழுங்காக மூச்சு விட்டான். மதியம் சொராய்தாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

எதிரே மேஸ்திரி தெயோபிலோ. கழுத்து மட்டும் மெதுவாகப் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தது.

"எவன்டா அது... எல்லாரும் நிறுத்தியாச்சுல்ல? இன்னும் எவன் மெஷின் ஓடுது?"

ஒருவன் மெஷினும் ஓடவில்லை. மேஸ்திரிக்குப் பின்னால் ஆளும் இல்லை. தரையில் இரும்புத் தூள்தான். அதில், அவன் குதிகாலை ஒட்டி, அவனைப் பார்த்தபடி... ஒரு பூட்ஸ். ஒரு வெறுங்கால்.