பத்தாவது சைலன்சர்

சைலன்சரை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை ஐயா. டிரைவர் புது சீட் கவர் வாங்குவான், டேஷ்போர்டில் இருக்கிற முருகன் படத்துக்குச் சிவப்பு பல்பு வாங்குவான், வசதி இருந்தால் டேப் ரிக்கார்டர்கூட வாங்குவான். வண்டிக்கு அடியில் கிடக்கிற சைலன்சர் அறுந்து ரோட்டில் இழுபடுகிற வரைக்கும் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகம் வராது. அப்பேர்ப்பட்ட ஆட்களைச் சேர்த்து, ஒரே பட்டறையில், ஒரே நேரத்தில் பத்து சைலன்சருக்கு ஆர்டர் கொடுக்க வைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பதினாலு வருஷமாக நான்தான் செக்கரட்டரி. கோதண்டராமன் சொன்னால் கேட்பார்கள்.

ஒன்பது வண்டிக்கு மாட்டியாகிவிட்டது, பத்தாவது மட்டும் சாக்கு சுற்றியபடி என் வீட்டுப் பரணில் ஏன் இருந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஸ்டாண்டு டிரைவர் திருமலையின் பெண்சாதி சின்னப்பொண்ணு பஸ் ஏறிப் புதுப்பேட்டை வரைக்கும் போய்ப் பட்டறைக்காரரிடம் விசாரிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு மெட்ராஸில் வழிகூடத் தெரியாது. பரவாயில்லை. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம், தொண்ணூற்றொன்று, தைக் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு விடியுமுன்பே சவாரி கிடைத்தது. இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பனி, பானெட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் கல் ஒன்று அடியில் இடித்தது. உடனே சத்தம் மாறிவிட்டது. டப் டப் டப் டப் என்று நாலு, அப்புறம் ஒரு விக்கல், மறுபடி நாலு. சைலன்சர் விரிசல் விட்டுவிட்டது. சொந்த வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். ரோட்டைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் அடிபட்டாள்.

கங்கா என்று பெயர். பத்தொன்பது வயது. பம்ப் கம்பெனியில் காலை ஷிஃப்ட்டுக்காக பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தவள். இறங்கிப் பார்த்தேன். ரோட்டோரம் கிடந்தாள், உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. "அண்ணா, தூக்குண்ணா. எங்கம்மா பின்னாடியே வராங்க" என்றாள். பனிக்குள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா வந்துவிட்டால் அவளுக்குத் துணை ஆயிற்று, அப்புறம் நான் அங்கே எதற்கு? கிளம்பிவிட்டேன்.

மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார் அவள் அம்மா சந்திரம்மாள். அவர் வந்து சேர்ந்தபோது பெண்ணுக்குப் பேச்சு நின்றுவிட்டதாம். அந்த ரோட்டில் அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. அது என் கையில் இல்லை.

வண்டியை நேராக வீட்டுக்கு ஓட்டிப்போய்க் கொட்டகையில் நிறுத்தினேன். அம்பாசடர் பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. கியர் பாக்ஸ் வேலை என்று ஸ்டாண்டில் சொல்லிவைத்தேன். என் சைலன்சர் உடைந்தது அன்று காலையில்தான், அதனால் அந்தச் சத்தத்தை எங்கள் ஆட்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டது ஒரே ஒருத்தர்தான்.

பத்து நாள் கழித்துச் சந்திரம்மாள் ஸ்டாண்டுக்கே வந்தார். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். செக்கரட்டரி யார் என்று விசாரித்துக்கொண்டு வந்தாராம்.

"தம்பி, எனக்குக் கண்ணுல ஒண்ணும் படல. காதுலதான் கேட்டுச்சு. பிரேக்கு போட்டான், கதவத் தொறந்தான், எறங்கி எம்பொண்ணப் பாத்தான். அப்பால கதவச் சாத்திகினு பூட்டான். அந்த வண்டிச் சத்தம் எங்க கேட்டாலும் சொல்லிடுவேன்" என்றார். வாயாலேயே செய்தும் காட்டினார். நாலு டப், ஒரு விக்கல். அச்சு அசலாக இருந்தது. 

செக்கரட்டரி என்கிற முறையில் என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். ஸ்டாண்டில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எட்டு வண்டி, எட்டுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இன்னும் ரெண்டு வண்டி கீதாமே தம்பி?"

"ஒண்ணு என்னுதும்மா, வேலையில நிக்குது. இன்னொண்ணு திருமலைன்னு ஒருத்தன். கம்பெனி ஆளுங்கள ஏத்தி எறக்கற கான்ட்ராக்ட். ஸ்டாண்டுப் பக்கம் எப்பவாவதுதான் வருவான்."

"வரட்டும். நான் குந்திகினு இருக்கேன்" என்றார்.

சொன்னபடியே தினமும் வந்தார். காலை எட்டு மணிக்கு வந்து, சாயங்காலம் கடைசிப் பஸ்ஸில் போவார். யாரிடமும் பேச்சு இல்லை. ரோட்டில் எந்தக் கார் போனாலும் கழுத்து மட்டும் திரும்பும். கிருத்திகையன்று காலையில் திருமலையும் வல்லக்கோட்டைக்கு ஒரு சவாரி போயிருந்தான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அனுப்பியதே நான்தான்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் மட்டும் சைலன்சர் மாற்றினால், ஏன்ப்பா, எதற்கு, எப்போது உடைந்தது என்று பத்துக் கேள்வி வரும். எல்லோரும் மாற்றினால் ஒரு கேள்வியும் வராது. அதனால்தான் அந்த ஆர்டர்.

புதுப்பேட்டையில் ரத்தினம் என்று ஒருத்தர், அளவு கொடுத்தால் அதற்குத் தகுந்தபடி சைலன்சர் செய்து தருவார். நம் ரோட்டில் லாரி ஓடி ஓடிக் குழியும் மேடுமாகக் கிடக்கிறது, கடையில் விற்கிற சைலன்சர் ஆறு மாதம் தாங்காது. தடித் தகடு போட்டு, பைப்பை நாலு அங்குலம் மேலே தூக்கி வளைத்துத் தரச் சொன்னேன். அதற்குத் தனி அச்சு வெட்டவேண்டும், பத்துப் பீஸ் எடுத்தால்தான் கட்டும் என்றார். நம்முடையது பத்தும் அம்பாசடர் என்றேன்.

ஆட்களைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. சாலமோன் என்று ஒரு டிரைவர், எதற்கெடுத்தாலும் கிண்டல். "இன்னாண்ணா, கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கற மாதிரி மொத்தமா சைலன்சர் எடுக்கச் சொல்ற?" என்றான். நான் கோபப்படவில்லை. குவைத் சண்டையில் பெட்ரோல் விலை எங்கே போய்விட்டது, ஓட்டை சைலன்சரோடு ஓட்டினால் வண்டி எவ்வளவு குடிக்கும், சவாரி ஏறுகிறவர்கள் புகையில் எப்படி இருமுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். இன்றைக்கும் அந்த ஒன்பது வண்டியும் முன்னைவிட நன்றாக ஓடுகிறது, நீங்களே கேட்டுப்பாருங்கள்.

திருமலை மட்டும் தயங்கினான். சின்னப்பொண்ணுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. "நீ கவலப்படாத, உன்னுது என் பொறுப்பு" என்று சொல்லி அவனையும் சேர்த்துக்கொண்டேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மார்ச்சில் பத்தும் வந்தது. என் வீட்டு வாசலில் வைத்துத்தான் மாட்டினோம். முதல் நாள் என்னுடையது, அடுத்த மூன்று நாளில் மற்ற எட்டும். கழற்றிய பழசெல்லாம் வேலி ஓரம் குவிந்து கிடந்தது. எது யாருடையது என்று அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது.

என் வண்டியைப் புது சைலன்சரோடு ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனேன். சந்திரம்மாள் எழுந்து வந்து பின்பக்கம் நின்று வெகுநேரம் கேட்டார். சாலமோன் சும்மா இருக்காமல், "செக்கரட்டரி உஷாருப்பா. அந்தம்மா கேக்கறதுக்குள்ள சைலன்சரையே மாத்திட்டாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு சைலன்சர் என்றால் என்னவென்றே தெரியாது, சத்தம் என்ஜினிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். "இது இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். திருமலைக்கும் புதுசை மாட்டி, அவன் வண்டியையும் கேட்டு, அதுவும் இல்லை என்று அந்த அம்மா சொன்னால் அப்புறம்? பெஞ்சை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. வெயிலில் கறுத்து, சாப்பிடாமல், நாளுக்கு நாள் குச்சியாகப் போய்க்கொண்டிருந்தார். சாலமோன் போல ஒருத்தன் என்றைக்காவது கிண்டலை நிறுத்திவிட்டு யோசிக்கவும் ஆரம்பிப்பான். அவருக்கு வேண்டியது அந்தச் சத்தம். அது கிடைத்தால் வீட்டுக்குப் போய்விடுவார். விரிசல் சைலன்சரில்தான் இருக்கிறது ஐயா. அது எந்த வண்டிக்கு அடியில் இருக்கிறதோ, அந்த வண்டி அந்தச் சத்தம் போடும்.

அதனால் திருமலையின் பழசைக் கழற்றிய பிறகு, "உன்னுது மட்டும் வெல்டு சரியில்லப்பா, திருப்பி அனுப்பிட்டேன். உன் பழசும் கழட்டறப்பவே தெறிச்சிடுச்சு. வர வரைக்கும் குவியல்ல இருந்து ஒண்ணு மாட்டிக்க" என்று என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். அடியில் படுத்து நானே நட்டு முடுக்கினேன். "நீ நல்லா இருக்கணும்ணா" என்றான். அவன் போனதும் அவனுடைய புதுசைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு மீதிக் குவியலை அள்ளிப் போகச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் ஸ்டாண்டுக்கு வரும்படி அவனுக்குச் சொல்லியிருந்தேன். வந்தான். வளைவில் திரும்பும்போதே அந்த அம்மா எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், கடைக்காரர்கள், அவர் ஊர் ஆட்கள் என்று நூறு பேர் இருந்திருப்பார்கள். ஓடிப்போய் டிக்கியின்மேல் கையை வைத்தார். "நிறுத்தாத, ஓடவுடு" என்றார். நாலு டப், ஒரு விக்கல்.

"இதான்" என்று கையை நீட்டினார். "ஏண்டா, எறங்கித்தான பாத்த? பாத்துட்டு ஏண்டா போன?"

திருமலை திகைத்துப் போனான். "நான் இல்லம்மா. கோதண்டண்ணா, சொல்லுண்ணா, இது நீ குடுத்த சைலன்சர்தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உனக்குப் புதுசு இன்னும் மாட்டலையேப்பா. உன் பழசுதான ஓடுது?" என்றேன். கேள்வியாகத்தான் கேட்டேன். கூடவே, "கிருத்திகையன்னிக்குக் காலையில நீ வல்லக்கோட்ட போனல்ல?" என்றும் கேட்டேன்.

"போனேண்ணா, ஆனா..." என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு யாரும் அவனைப் பேசவிடவில்லை.

"அடிக்காதீங்கடா, அவன் பதிலு சொல்லட்டும்" என்று சந்திரம்மாள் நடுவில் புகுந்து கத்தினார். அவரையே தள்ளிவிட்டார்கள். நான் ஒரு விரலும் வைக்கவில்லை, இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கூட்டத்தை விலக்கி அவனைத் தூக்கி என் வண்டியில் போட்டதும் நான்தான். சாலமோன் தானும் வருவதாகச் சொன்னான். நீ போய்ச் சின்னப்பொண்ணுக்குச் சொல்லு என்று அனுப்பிவிட்டேன்.

உள்ளூர் ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷம். பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று மெட்ராஸ் ரோட்டைப் பிடித்தேன். புது சைலன்சர், வண்டியில் சத்தமே இல்லை. பின்சீட்டில் அவன் மூச்சு விடுவது நன்றாகக் கேட்டது. "அண்ணா, ஆஸ்பத்திரி தாண்டிட்டமேண்ணா" என்றான். ஆமாம்ப்பா என்றேன். வேகமாகப் போனால் குலுக்கும், அவனுக்கு வலிக்கும் என்று மெதுவாகவே ஓட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது யாரு சைலன்சர்ணா?" என்று கேட்டான்.  செம்பரம்பாக்கம் தாண்டும்போது மூச்சுச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான் வேகம் எடுத்தேன்.

ஆக, கங்காவை இடித்தது நான். திருமலை வண்டியில் அதை மாட்டியது நான். அவன் வாய் திறக்காமல் போகட்டும் என்று தூரத்து ஆஸ்பத்திரிக்கு மெதுவாக ஓட்டியதும் நான்தான். எங்கே கையெழுத்து போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். சந்திரம்மாளுக்கு இதையெல்லாம் நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். அந்த அம்மா இப்போதுதான் வீட்டில் இருக்கிறார், ராத்திரியில் தூங்குகிறாராம். போன வாரம் என் வாசலுக்கு வந்து, "நீ இல்லன்னா அவனப் புடிச்சிருக்க முடியாது தம்பி" என்று அழுதுவிட்டுப் போனார். தப்பான ஆளைக் காட்டிவிட்டோம் என்று தெரிந்தால் தாங்கமாட்டார். நூறு பேர் நடுவில் கையை நீட்டியது அவர்தானே, நான் யாரையும் காட்டவில்லையே. இருந்தாலும் அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அந்த அம்மாவை நான் மன்னித்துவிட்டேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.