கடைசிக் கதவு

காலை விரைவு வண்டி எங்கள் நிலையத்துக்குச் சரியான நேரத்துக்குத்தான் வரும். கிளம்பும்போதுதான் தாமதம். பாதையில் வேறெந்த நிலையத்திலும் இப்படி இல்லை. காரணம் நெடுநாள் எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடம் மட்டும் தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன். அதற்கு முன் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது.

முதலில் அது செங்கல் சூளையின் சரக்கு நிறுத்தம். சூளை வாசலை ஒட்டி வண்டி நிற்க வேண்டுமென்று தண்டவாளத்தை அரிவாள் போல வளைத்திருந்தார்கள். சூளை மூடிய பிறகு பாதையில் புல் முளைத்தது. புறநகர் வளர்ந்து இலகு ரயில் வந்தபோது, செலவு மிச்சமென்று பழைய வளைவிலேயே நடைமேடையைக் கட்டிவிட்டார்கள். அதனால் முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குக் கடைசிக் கதவு தெரியாது. மற்ற நிலையங்களில் பயணச்சீட்டு இயந்திரமும் மின்தூக்கியும் சைக்கிள் நிறுத்தமும் இருக்கும், ஆள் இருக்காது. இங்கே மட்டும் நான். வளைவின் நடுவில் நின்று கடைசிக் கதவைப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால், கைப்பிடி வைத்த பச்சைத் தகட்டை உயர்த்துவேன். கதவுகள் மூடிவிட்டன என்று ஓட்டுநரின் விளக்கும் சொல்ல வேண்டும், என் தகடும் உயர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி நகரும். அழகான ஏற்பாடு.

எங்களைத் தாண்டியதும் ஆற்றுப் பாலம். அதில் ஒற்றைப் பாதைதான். எங்கள் வண்டி தாமதித்தால் எதிர்வண்டி அக்கரையில் காத்துக் கிடக்கும். அதன் பின்னால் இன்னொன்று. அந்தப் பக்கத்துப் பேருந்துகளும் தவறிவிடும். மேலதிகாரி ஒருநாள் நேரில் வந்தார்.

"உங்க ஒரு ஸ்டேஷனால லைன் முழுக்க சந்தி சிரிக்குது. மழைக்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா விரைவு வண்டி இங்க நிக்காது. வண்டி நிக்கலைன்னா நீங்க எதுக்கு நிக்கணும்?"

ஏறும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டேன். அறிவிப்பை முன்கூட்டியே ஒலிக்க வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பணிமனை மெக்கானிக்கை வரவழைத்தேன். கதவுகள் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தார்.

"கதவு தங்கம்ணே. யாரோ குறுக்க எதையோ வைக்கிறாங்க. உங்க கண்ணுல படலையா?"

படவில்லை. வைத்தவர் என் மாமனார். வீட்டு மனிதர் செய்வது கண்ணில் படாது, வீட்டுக் கடிகாரத்தின் சத்தம் காதில் விழாத மாதிரி.

என் மனைவிக்கு நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நேரத்துக்குக் கிளம்பி அவளுக்குப் பழக்கமில்லை. அவள் அப்பா முன்னதாகவே வந்து, படிக்கட்டை ஒட்டிய கடைசிக் கதவில் தன் கைத்தடியை நீட்டி வைப்பார். மர உருட்டுத் தடி. கதவு அதில் இடித்துத் திரும்பத் திறக்கும். மகள் ஓடி வந்து ஏறுவாள். பிறகு ஓடி வரும் எல்லாருக்காகவும் நீட்டத் தொடங்கினார். ஊரே அவரைக் 'கதவு மாமா' என்றது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

வீட்டில் எடுத்துச் சொன்னேன்.

"மாப்ள, உங்க வண்டி என்ன அடுப்புல வச்ச பாலா, பொங்கி வழிய? ஒரு நிமிஷம் நின்னா கொறஞ்சா போயிடும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குக் குறையுது மாமா."

"அவங்க யாரு, எனக்குப் பொண்ணா மருமகனா?"

மனைவி சிரித்தாள். "அப்பா பிடிச்சுக்கறாரு. நீங்க ஏன் பதறுறீங்க?"

நான் பதறவில்லை. அந்தக் கதவு எப்படி வேலை செய்கிறது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கதவின் ஓரத்தில் மிருதுவான ரப்பர் இருக்கிறது. அதற்குள் காற்று. கையோ பையோ நடுவில் சிக்கினால் ரப்பர் அமுங்கும், காற்றழுத்தம் மாறும், கதவு திறந்துகொள்ளும். ஆனால் மிக மெல்லிய பொருளை அது உணராது. ரப்பர் அதைச் சுற்றி வளைந்து மூடிக்கொள்ளும். கதவு மூடிவிட்டதென்று ஓட்டுநரின் விளக்கும் எரியும். மாட்டிய பொருளை எளிதில் உருவ முடியாது. துப்பட்டா நுனி மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். இது பழுதில்லை. அதன் அளவு அவ்வளவுதான்.

அந்த வாரம் மாமாவுக்குப் புதுக் கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். எஃகு. விரலைவிட மெல்லியது, ஆனால் வளையாது. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளப் பின்னல் வாரும், அதை இறுக்க ஒரு மணியும் உண்டு.

"பொண்ணு குடுத்த இடம் சோடை போகலை," என்று பக்கத்து வீட்டாரிடமெல்லாம் காட்டினார்.

மறுநாள் காலை வாசலில் நானே அவர் கையில் வாரை மாட்டி, மணியைத் தள்ளி இறுக்கினேன். "கீழ விழுந்துடாது மாமா," என்றேன். தடியைத்தான் சொன்னேன்.

வண்டி நேரத்துக்கு வந்தது. மனைவி படிக்கட்டின் மேலே இருந்தாள். அவர் வழக்கம்போலத் தடியை நீட்டினார். கதவு அதைச் சுற்றி மூடியது, திறக்கவில்லை. அவர் இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி இன்னொரு கையை ஆட்டினார். மருமகன் பார்த்துக்கொள்வான் என்ற முகம்.

அறிக்கையில் இரண்டு காரணம் எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் என் பார்வையை மறைத்தது என்பது ஒன்று. அது நான் சொன்னது. அன்று யாரும் மறைக்கவில்லை. ரப்பர் தேய்ந்திருந்தது, மெக்கானிக் கவனிக்கவில்லை என்பது மற்றது. அதைத்தான் திருத்தச் சொல்கிறேன். ரப்பர் தேயவில்லை. அந்த மனிதரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கதவு எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படியே செய்தது.

தடியை விட்டுவிட்டு விலகியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. வாரை இறுக்கியது நான்.

ஓட்டுநரின் விளக்கு எரிந்தது. நான் பச்சைத் தகட்டை உயர்த்தினேன். மாமா கதவோடு கொஞ்சம் நடந்தார். பிறகு ஓடினார். நடைமேடையின் முடிவில் கம்பி வேலி இருக்கிறது.

விரைவு வண்டி எங்கள் நிலையத்தில் தொடர்ந்து நிற்கும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வீட்டில் பேச்சு குறைவு. ஆனால் என் மனைவி இப்போதெல்லாம் வண்டி வருவதற்கு முன்பே வந்து மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறாள். வண்டி நேரத்துக்குக் கிளம்புகிறது.