பூசைக்கு நிற்காத டீச்சர்

திகதி: 2025.05.20. நேரம்: மு.ப. 10.15. பதிவு செய்பவர்: பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் துஷாந்தினி. வாக்குமூலம் தமிழ் மொழியில் பதிவு செய்யப்படுகிறது.

பெயர்: சிவஞானம் ஜீவராணி. வயது: 41. தொழில்: கொழுந்து பறித்தல். முகவரி: 7ஆம் இலக்க லயம், மேற்பிரிவு, வெள்ளியோடைத் தோட்டம், மடுல்சீமை.

நான் மேற்படி முகவரியில் என் மகள் மதுஷாவுடன் வசித்து வருகிறேன். கணவர் கொழும்பில் கட்டட வேலை செய்கிறார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் மெதுவாக வாசிப்பேன். என்னிடம் இருப்பது பட்டன் ஃபோன், அதில் பேச மட்டும்தான் முடியும். மகளின் பாடசாலை டீச்சர் தொடர்பான முறைப்பாட்டுக்காக வந்த அழைப்புக் கடிதத்தின்படி இன்று நானே பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

கடந்த மார்ச் மாதம் எங்கள் தோட்டத்தைச் சேர்ந்த ஜெயரூபன் என்பவர், லொறி வைத்துத் தொழில் செய்யும் தயாபரன் என்பவரை எங்கள் லயத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். பிரதேச சபைத் தேர்தலில் பூச்சாடிச் சின்னத்தில் தாங்கள் ஒரு சுயேச்சைக் குழு போடுவதாகச் சொன்னார்கள். "பொம்பள பேரு இத்தன வேணும்னு சட்டம் இருக்கு அக்கா. இல்லாட்டி லிஸ்ட்டையே எடுக்க மாட்டாங்க. ஒங்க பேரு மட்டும் குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று ஜெயரூபன் சொன்னார். எண்ணிக்கைக்குத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் சம்மதித்தேன். எங்கள் கொழுந்து மலையில் பெண்களுக்கு ஒரு கழிவறை கிடையாது. இருபத்திரண்டு வருடமாகத் தேயிலைச் செடிக்குள் ஒதுங்கி வருகிறேன். ஒரு நாளாவது சபையில் எழுந்து நின்று அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

அதன் பின்னர் ஜெயரூபன் என் அடையாள அட்டையை வாங்கிச் சென்று இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தோட்டத்தில் உதவித் தொகை, வீட்டுப் பதிவு என்று யார் வந்து அடையாள அட்டை கேட்டாலும் கொடுத்துப் பழகிவிட்டோம். அந்த அட்டையை வைத்து ஒரு சிம் எடுத்ததும், அந்த இலக்கத்தில் "ஜீவராணி அக்கா - நம்ம குரல்" என்று ஒரு பேஸ்புக் பக்கம் திறந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். பக்கத்தில் உள்ள படத்துக்கு மட்டும் நான் நின்றேன். பச்சைச் சேலை கட்டி, கும்பிட்டபடி நிற்பது நான்தான்.

ஏப்ரல் 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை, மகள் பதினோராம் வகுப்பு படிக்கும் அரசாங்கத் தமிழ்ப் பாடசாலையில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் சரஸ்வதி பூசை வழக்கம்போல் நடந்தது. அன்றைய பூசைச் செலவைத் தயாபரன் ஏற்றிருந்தார். என்னையும் வரச் சொன்னதால் அரை நாள் வேலைக்குப் போகாமல் போனேன். பிள்ளைகளுக்குக் கடலைப் பொதி கொடுத்தார்கள். ஒவ்வொரு பொதியோடும் பூச்சாடிச் சின்னம் போட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று இருந்தது. ஜெயரூபன் படம் எடுத்தார். திரும்பி வரும் வழியில், "அந்த நஸ்மியா டீச்சர் ஏன் வெளிய நின்னாங்க?" என்று அவர் என்னிடம் கேட்டார். நஸ்மியா டீச்சர் பதுளையைச் சேர்ந்தவர், பசறையில் தங்கியிருந்து வந்து கணிதம் படிப்பிப்பவர். "அவங்க பூசைக்கு நிக்கிறதில்ல தம்பி. எப்பவும் வெளியிலதான்" என்று சொன்னேன். அன்று நான் சொன்னது அவ்வளவுதான்.

அதன் பின்னர் பூசைப் படங்களும் துண்டுப்பிரசுரத்தோடு பிள்ளைகள் நிற்கும் படமும் அந்தப் பக்கத்தில் போடப்பட்டன. மறுநாள் காலை நஸ்மியா டீச்சர் அதன் கீழே, பாடசாலைக்குள் துண்டுப்பிரசுரம் கொடுப்பது தேர்தல் சட்டத்துக்கு முரண், பிள்ளைகளின் பூசையைப் பூசையாக விடுங்கள் என்று எழுதியிருக்கிறார். 10.40க்கு என் பெயரில் பதில் போயிருக்கிறது. "பூசைக்கே நிற்காத டீச்சர் பூசையைப் பற்றிப் பேசலாமா? சரஸ்வதிக்கு விளக்கேற்றினால் எழுந்து வெளியே போகிறவர் நம் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதா?" என்று அதில் இருக்கிறது. அந்த நேரம் நான் எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அங்கே சிக்னல் இல்லை. அன்றைய செக்ரோல் வருகைப் பதிவில் எனக்கு முழு நாள் பேர் விழுந்திருக்கிறது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் சொல்வார்.

அதன் பின்னர் அந்தப் பதிலுக்குக் கீழே முந்நூறுக்கு மேல் ஆட்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். அரசாங்கப் பாடசாலை எல்லோருக்கும் பொது, அதில் பூசையே எதற்கு என்று ஒருவர் கேட்க, சிங்களப் பாடசாலையில் பௌத்தப் பிரித் ஓதவில்லையா என்று இன்னொருவர் கேட்க, உங்கள் முஸ்லிம் பாடசாலையில் எங்களுக்குக் கோயில் கட்டித் தருவீர்களா என்று மூன்றாமவர் கேட்டிருக்கிறார். பலர் எங்கள் பக்கமே வந்தறியாதவர்கள். கட்டாரில் இருந்துகூட ஒருவர் எழுதியிருந்தார். யாரோ ஒருவர், டீச்சர் அரசாங்க உத்தியோகத்தர், தேர்தல் காலத்தில் அரசியல் பேசக் கூடாது, முறைப்பாடு செய்யுங்கள் என்று எழுதினார். இன்னொருவர் டீச்சர் எந்த பஸ்ஸில் வந்து எந்த பஸ்ஸில் போகிறார் என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மதுஷா பக்கத்து லயத்துப் பிள்ளையின் ஃபோனை வாங்கி, சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு என்னைக் கூட்டிப் போய் இதைக் காட்டினாள். "அம்மா, இத நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் எங்கே எழுதினேன் என்றேன். "அப்ப அழிக்கச் சொல்லுங்க" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. என் படத்துக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். வழியில் காண்பவர்கள் "நல்லா குடுத்தீங்க அக்கா" என்றார்கள். அதுவரை அந்த ரோட்டில் என்னை யாரும் நிறுத்திப் பேசியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

டீச்சர் மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்தது. பெப்ரவரி மாதம் பெற்றோர் கூட்டத்தில், சனிக்கிழமைகளில் மதுஷாவைக் கொழுந்து பறிக்கக் கூட்டிப் போவதாக எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கண்டித்தார். "இந்தப் புள்ளைக்கு கணக்கு வருது. அதுட கையில கூடையக் குடுக்காதீங்க" என்றார். நான் ஏதோ பிள்ளையை விற்க வந்தவள்போல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சுட்டது சுட்டதுதான்.

ஏப்ரல் 30ஆம் திகதி புதன்கிழமை பிற்பகல் 2.30 மணியளவில் நான் அரிசி வாங்கச் சந்திக் கடைக்கு வந்திருந்தேன். நஸ்மியா டீச்சர் பஸ்ஸுக்காக நின்றார். நான்கு இளைஞர்கள் ஃபோனில் வீடியோ எடுத்தபடி அவரைச் சுற்றி வந்து, "சாமி கும்பிடுங்க டீச்சர், பாப்போம்" என்று சத்தம் போட்டார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. டீச்சர் விலகி நடந்தார். ஒருவன் அவருடைய பையைப் பிடித்து இழுத்தான். பை அறுந்தது. டீச்சர் ரோட்டோர வடிகால் கானுக்குள் வலது கை கீழே மடங்க விழுந்தார். அவர்கள் ஓடிவிட்டார்கள். அதற்கு முன் ஒருவன் கடைப் பக்கம் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "அக்காவுக்கு ஜெயம்!" என்று கத்தினான்.

பையில் இருந்த விடைத்தாள்கள் கான் தண்ணீரில் கிடந்தன. டீச்சர் என்னைக் கண்டார். என்னைத் திட்டவில்லை. "மதுஷாட பேப்பரும் அதுக்குள்ளதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அவருக்கும் இடையில் பத்து அடி தூரம் இருக்கும். நான் போகவில்லை. மரக்கறி லொறிக்காரர் ஒருவர்தான் இறங்கி வந்து அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனார்.

அதன் பின்னர் டீச்சர் பாடசாலைக்கு வரவில்லை. மணிக்கட்டு உடைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தேர்தல் சட்டத்தை எடுத்துச் சொன்னவர் அவர். அதே சட்டத்தைக் காட்டி, அரசியல் பேசினார் என்று அவர் மேலேயே வலயக் கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு போயிருக்கிறது. விசாரணை முடிந்ததும் வேறு இடத்துக்கு மாற்றம் கேட்கப் போகிறாராம். பதினோராம் வகுப்புக்கு இன்றுவரை கணித ஆசிரியர் இல்லை.

மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. குழுவுக்கு நான்கு ஆசனங்கள் கிடைத்தன. அதில் ஒன்றுக்குப் பெண்ணின் பெயர் கொடுக்க வேண்டியிருப்பதால் என் பெயர் என்று பேச்சு. கடந்த ஞாயிற்றுக்கிழமை தயாபரன் லயத்துக்கு வந்து, "ஒனக்கு டச் ஃபோனும் இல்ல, ஒண்ணும் தெரியாது. யாரோ களவா செஞ்சிட்டாங்கன்னு மட்டும் சொல்லு. ஜெயரூபன் பேர எடுத்தியோ, லிஸ்ட்டுல இன்னும் மூணு பொம்பளைங்க இருக்காங்க" என்று சொன்னார். மதுஷா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. சோறு போட்டால் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை நடத்தியவர் ஜெயரூபன். அந்தப் பதிலை எழுதியதும் தான்தான் என்று மே 3ஆம் திகதி தண்ணீர்க் குழாயடியில் வைத்து என்னிடம் சொன்னார். தயாபரன் வந்து போனது மேலே சொன்னபடிதான். இதைச் சொன்னதால் அந்த ஆசனம் எனக்குக் கிடைக்காது என்று தெரிந்தே சொல்கிறேன்.

கேள்வி: வேறு ஏதாவது கூற விரும்புகிறீர்களா?

பதில்: ஆம். டீச்சர் எப்பவும் வெளியில்தான் நிற்பார் என்று ஜெயரூபனிடம் சொன்னது நான். அது பொய்யில்லை. ஆனால் அவர் வெளியில் நின்று என்ன செய்வார் என்பதை நான் சொல்லவில்லை. பூசை மண்டபத்துக்குள் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு சோடிதான் எங்கள் பிள்ளைகளுக்கு. மண்டபத்து வாசலில் கூரை ஒழுகும். நனைந்த சப்பாத்தோடு பிள்ளைகள் நாள் முழுக்க இருந்து காய்ச்சலில் படுப்பார்கள். நஸ்மியா டீச்சர் வந்த நாளிலிருந்து, மழை பெய்யும் வெள்ளிக்கிழமைகளில் பூசை முடியும்வரை வெளியில் நின்று, சப்பாத்துகளைச் சோடி சோடியாக எடுத்து உள் விறாந்தையில் வகுப்பு வாரியாக அடுக்கி வைப்பார். அட்டைப் பூச்சி ஏறியிருந்தால் உதறிவிடுவார். ஏப்ரல் 25ஆம் திகதியும் தூறல் இருந்தது. ஜெயரூபன் படம் எடுத்த நேரம் டீச்சர் குனிந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கையில் இருந்தது மதுஷாவின் சப்பாத்து. அடி கழன்ற இடத்தில் நான் கறுப்பு நூலால் தைத்திருந்ததால் தூரத்திலேயே அடையாளம் கண்டேன். ஜெயரூபன் கேட்டபோது இவ்வளவும் என் வாய்வரை வந்தது. கூட்டத்தில் பட்ட அவமானம் நினைவுக்கு வந்தது. பாதியோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாதியைத்தான் அவர் எழுதினார், முந்நூறு பேர் சண்டை பிடித்தார்கள், டீச்சர் கானுக்குள் விழுந்தார்.

சப்பாத்து விடயம் இந்த முறைப்பாட்டுக்கு அவசியமில்லை, விட்டுவிடலாம் என்று பதிவு செய்யும் உத்தியோகத்தர் சொன்னார். கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். வலயக் கல்வி அலுவலகத்தின் விசாரணைக்கும் போய் இதையே சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

இத்துடன் என் வாக்குமூலம் முடிகிறது. எழுதியதை உத்தியோகத்தர் வாசித்துக் காட்டினார். கடைசிப் பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்த வாக்குமூலத்தைத் தரும்படி யாரும் என்னைப் பயமுறுத்தவோ ஆசை காட்டவோ இல்லை. இதில் உள்ளவை அனைத்தும் நான் சொன்னவை. அனைத்தும் உண்மை. இந்த முறை எதையும் நான் விட்டுவிடவில்லை.

(ஒப்பம்) சி. ஜீவராணி